மச்சான் பிடித்த கயிறு

இன்று ஆலங்காயம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் கேட்டார்: "இன்னாம்மா, காவலூர் புளியந்தோப்புக்காரர் பொண்ணு தானே நீ?"

எண்பதுகளில் எங்கள் வேலியைத் திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்த அதே ஆள்!

மூன்றாம் முறை அப்பா தடியோடு ஓடினார். பின்னால் நானும்.

தோப்பின் கடைசியில், பாறை விளிம்பில், இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார் இவர். அப்பா கத்தியும் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். கயிற்றின் மறுமுனையில், தேனீக்களுக்கு நடுவே, ஒருவர் தொங்கியபடி தேனடை அறுத்துக்கொண்டிருந்தார்.

அப்பா தடியைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் இப்போது கேட்டேன்: "அன்னிக்கு ஏன் திரும்பிக்கூடப் பாக்கலீங்க?"

"தொங்குனது என் தங்கச்சி வூட்டுக்காரர்மா. பொண்டாட்டி கூடப்பொறந்தவன் தான் கயிறு புடிக்கணும். நான் அசைஞ்சா அவ தாலி போய்டும்."

அன்று கயிறு பிடித்த மறுநாளே அப்பா வேலியில் ஒரு வழி விட்டிருந்தார்.

சொல்லுங்கள், மச்சான் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் தொங்க உங்களில் எத்தனை பேர் தயார்?