குதிரையால் விழுந்தவனும் என் கடையும்

பழைய சாமான் விற்கிறவனிடம் சாமான் குறைந்தாலும் கதை குறையக்கூடாது. கடை வைத்துச் சீரழிகிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் என் கடை. கப்பல் விளக்கு, சங்கு, பாக்குவெட்டி எல்லாம் உண்டு. ஆனால் சனம் நிற்பது அலுமாரியில் இருக்கிற ரோமாபுரி வெண்கலக் காசைப் பார்க்கத்தான். நகத்தளவு. ஒரு பக்கம் முட்டைக்கண் ராசா. மறுபக்கம், குதிரையால் விழுந்த ஒருவனைச் சிப்பாய் ஈட்டியால் குத்துகிறான். விழுந்தவன் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்குகிறான். பார்க்க வருகிறவர்கள் போகும்போது ஒரு சங்காவது வாங்குவார்கள். அந்தக் காசு போனால் என் வாசலில் காகமும் நிற்காது. ஆகவே, விலை கேட்பவர்களைப் பயமுறுத்தி அனுப்புவதே என் வேலை.

விழுகிற வியாதி

தம்பலகாமத்து விவசாயி ஒருவர் காசை விலைக்குக் கேட்டார். "இதை வைச்சிருக்கிற வீட்டில ஆட்கள் வாகனத்தால விழுந்துகொண்டே இருப்பினம்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது மனிசனுக்கு.

"தாங்கோ அண்ணை. என்ர மருமகன் குடிச்சுப்போட்டு மோட்டார் சைக்கிளால விழுறவன். இனி ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கும்."

முட்டைக்கண்

அடுத்தவர் கிண்ணியா வியாபாரி. அவருக்கு வேறு கதை. "இந்த ராசா இமைக்கிறதில்லை. விடிய விடிய உங்கட கல்லாப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். நித்திரை வராது."

"அப்ப காவல்காரனை வேலையால நிப்பாட்டிரலாம் ஐயா. சுத்தித் தாங்க."

இரண்டு பேரையும் சங்கோடு அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பூதக்கண்ணாடி

பாலையூற்றிலிருந்து, தொல்பொருள் வேலை பார்க்கிற ஒரு பிள்ளை வந்தது. பூதக்கண்ணாடி வைத்து ராசாவின் தலைப்பட்டி முத்துவரைக்கும் பார்த்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டது.

"திரியாய்க் கடலில பிடிச்ச பாரை மீன்ர வயித்துக்க."

"மண்ணுக்க கிடந்த காசுமாதிரி இருக்கு ஐயா. அப்பிடியெண்டால் அரசாங்கத்திட்டத்தான் குடுக்கவேணும்."

"ஐயோ பிள்ளை, இது போலி. நானே வார்த்தது" என்றேன்.

பிள்ளை சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்தது.

"நல்லதாப் போச்சு. போலியெண்டால் விலையைச் சொல்லுங்கோ, அசலெண்டால் எடுத்த இடத்தைச் சொல்லுங்கோ."

போலி விலைக்கு விற்றாலும் காசு போகும், இடத்தைச் சொன்னாலும் போகும் என்று கண்டு, திரியாயில் என் மச்சான் கிணறு வெட்டிய காணியைச் சொல்லி, அந்தக் காசையும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, இப்போது வெறும் அலுமாரியைக் காட்டிக் கதை சொல்கிறேன். கூட்டம் முந்தியைவிட அதிகம், விலை கேட்டு உயிரை வாங்கத்தான் ஆளில்லை.