எமில் திரும்பி வந்த நான்கு மாதம்

அமெரிக்காவின் டொலீடோவில் ப்ராக்டன் வண்டிகளுக்குக் கதவு மாட்டுவது எமில் ஸிலாகியின் வேலை. எதிர்ப்பக்கக் கதவு என்னுடையது. கல்லும் சேறும் தாண்டி ஏறுகிற அந்த வண்டிக்கு நாங்கள் இருந்த காலத்திலேயே நான்கு முதலாளிகள். வந்தவர்கள் எல்லாம் வாசல் பலகையை மாற்றினார்கள். ப்ராக்டன் என்ற பெயரைத் தொடவில்லை. அவர்கள் விலை கொடுத்ததே அதற்குத்தான்.

முப்பது வருஷம் முடித்தால் முழு ஓய்வூதியம். குறைந்தால் வயதாகும்வரை காத்திருக்க வேண்டும், அப்போதும் பாதிதான். எமிலுக்கு இருபத்தொன்பது வருஷம் எட்டு மாதம் ஆகியிருந்தது. முழங்கால் இரண்டும் போய்விட்டன.

அந்தக் குளிர்காலம் விற்பனை படுத்தது. ஆட்குறைப்பில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே போக வேண்டும். பட்டியலின் அடியில் இருந்தவள் எமிலின் மகள் யோலண்டா. மூத்தவர் ஒருவர் தானாக வீட்டுக்குப் போனால் அடியில் இருப்பவர் தங்கலாம். வீட்டிலிருக்கும் மாதங்களும் சர்வீஸில் சேரும். மூன்று முதலாளிகள் காலத்திலும் அப்படித்தான் நடந்தது.

"நாலு மாசம் ஏரில மீன் பிடிக்கப் போறேன்டா. நீ கதவைக் கட்டிக்கிட்டு அழு," என்று எமில் தன் பெயரைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

ஆறாவது வாரம் கம்பெனி கைமாறியது. புது ஒப்பந்தப்படி வேலை செய்த மாதம் மட்டுமே சர்வீஸ். ஓட்டுப் போட்டு அதை ஏற்றுக்கொண்டவர்கள் நாங்கள்தான். தொழிற்சாலை ஊரைவிட்டுப் போகாது என்ற பக்கத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டோம்.

தொழிற்சங்கப் பிரதிநிதி ரஸ்ஸலைப் பார்க்க எமிலுடன் நானும் போனேன்.

"திரும்பி வரலாம் எமில். மூத்த ஆளுங்கிற உரிமை இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடு, விட்டா அப்புறம் வழியில்ல. கடைசி ஆள் வெளியே போகணும், அவ்வளவுதான்."

"கடைசி ஆள் யாருன்னு தெரிஞ்சுதான பேசுற?"

"பட்டியலை நானா போட்டேன்?"

"அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, ரஸ்ஸல்."

ரஸ்ஸல் படிவத்தை அவன் பக்கம் தள்ளினான். எமில் எழுதிக் கொடுக்காமல் எழுந்துவிட்டான்.

வியாழக்கிழமை யோலண்டாவே அந்தப் படிவத்தோடு அவன் வீட்டுக்கு வந்தாளாம். எமில் பிறகு என்னிடம் சொன்னான்.

"என்னப்பா, எங்கிட்ட சொல்லாம தியாகி ஆகப் பாக்குறியா?"

"போம்மா. எனக்கென்ன, மீன் இருக்கு."

"ஆயுசு முழுக்க நீ பாதிப் பென்ஷனோட நொண்டுறதப் பாத்துக்கிட்டே நான் அங்க கதவு மாட்டணுமா? என்னால ஆகாது. போடு கையெழுத்த."

போட்டான்.

அவள் நின்ற இடத்திலேயே, பின்கதவில், அவனை நிறுத்தினார்கள். முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவான். சாப்பாட்டு இடைவேளையில் யாரோடும் உட்காரமாட்டான். நாங்களும் கூப்பிடவில்லை.

யோலண்டா ஊருக்கு வெளியே ஒரு சரக்குக் கிடங்கில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள்.

நான்கு மாதம் முடிந்த கடைசி நாள் அவனால் கார் பெடலை மிதிக்க முடியவில்லை. அவன் காரை நான்தான் ஓட்டினேன். வீட்டுக்கு வேண்டாம், கிடங்குக்குப் போ என்றான். யோலண்டா வெளியே வந்து ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சரி. நாளையிலருந்து பிள்ளைங்கள நீதான் பாத்துக்கணும். ரெண்டு ஷிப்டுக்கு ஒத்துக்கிட்டேன்."

அவன் தலையாட்டினான். அவள் உள்ளே போய்விட்டாள்.