பிரிச்சுப் போட்ட ஜீப்பும் நின்னுபோன பேச்சும்

எங்க வூட்டுக்காரருக்குப் பேச்சு நின்னுபோன அன்னிக்கு அவர் கையில ஸ்பானர் இருந்துச்சு. போன ஐப்பசி மாசம், ரெண்டு நாள் பேஞ்ச மழை விட்டிருந்த காலை நேரம். தகரக் கொட்டாயில ஜீப்போட பழைய இன்ஜினைக் கழட்டி இறக்கி வச்சுட்டு, "கை துடைக்க ஒரு துணி குடு"ன்னு கேட்டார். நான் துணியோட வர்றதுக்குள்ள தரையில சாஞ்சு கெடந்தார். வாய் ஒரு பக்கமா இழுத்திருந்துச்சு. "என்னங்க, என்னங்க"ன்னு உலுக்குறேன். என்னையே பாக்குறார். சத்தம் வரல.

ஜெபக் கூட்டத்துக்கு வந்திருக்கிற அன்பியத்துச் சொந்தங்களே, நான் பிலோமினா. உடையார்பாளையத்துக்குத் தெக்கால, முந்திரிக்காட்டுக்குள்ள இருக்கு எங்க வூடு. எங்க வூட்டுக்காரர் பேரு சவரிமுத்து. நாலு பேருக்கு முன்னாடி நின்னு பேசி எனக்குப் பழக்கமில்ல. அதனால எழுதி வச்சு வாசிக்கிறேன். எங்கயாச்சும் தடுமாறினா பொறுத்துக்குங்க.

திருச்சி ஆஸ்பத்திரியில இருபது நாளுக்கு மேல இருந்தோம். உசுரு தப்பிச்சுது. ஆனா வலது கையும் காலும் விழுந்துபோச்சு. பேச்சும் போச்சு. டாக்டர் சொன்னார், "நீங்க பேசுறது அவருக்குப் புரியும்மா. அவர் மனசுல வார்த்தை இருக்கு, வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு. பேச்சுப் பயிற்சிக்கு விடாம கூட்டிட்டுப் போங்க."

பயிற்சி அரியலூர்ல. வாரம் ரெண்டு நாள். எங்க வூட்டுலேர்ந்து தார் ரோட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் மண்பாதை. நம்ம பக்கத்துச் செம்மண்ணு எப்படின்னு உங்களுக்கே தெரியும். காஞ்சா மணல் மாதிரி உள்வாங்கும், நனைஞ்சா வழுக்கிவிடும். ஆட்டோக்காரர் ஒரு தடவை வந்து மாட்டிக்கிட்டார், அப்புறம் போன் எடுக்கல. அந்தப் பாதைக்குன்னுதான் நாங்க ஜீப்பே வச்சிருந்தோம். அதுதான் நெஞ்சைப் பிரிச்சுப் போட்ட மாதிரி கொட்டாயில நின்னுச்சு. பழைய இன்ஜின் மூட்டை ஏத்தினா இழுக்கலன்னு, ஓட்டம் நின்ன ஒரு வேன்லேர்ந்து பெரிய டீசல் இன்ஜின் வாங்கி வச்சிருந்தார். இன்ஜின் மாத்துறதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முன்னாடியே அனுமதியும் வாங்கியாச்சு. லாரி ஓட்டின மனுசன், ரிப்பேர் கொஞ்சம் தெரியும். தானே மாத்திடலாம்னு இறங்கினார். பாதியில இப்படி ஆயிடுச்சு.

பக்கத்துக் காட்டுக்காரர் டிராக்டர் குடுத்தார். டிரெய்லர்ல வைக்கோல் பரப்பி, அதுமேல நாற்காலி போட்டு, இவரை உக்கார வச்சுக் கயித்தால கட்டிக் கூட்டிட்டுப் போனோம். மூணாவது தடவை போகும்போது பாத்தேன், இடது கையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டே வர்றார். அதுக்கப்புறம் டிராக்டர் சத்தம் கேட்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்குவார். பயிற்சி நின்னுபோச்சு. சாப்பாடும் கொறைஞ்சுது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஜெயங்கொண்டத்துலேர்ந்து வந்து சுத்திப் பாத்துட்டு, "வேற ஆளு பிரிச்ச வண்டியில நான் கை வைக்க மாட்டேன்மா. எதை எங்க கழட்டினாருன்னு யாருக்குத் தெரியும்?"னு போயிட்டார். திருப்பூர்ல இருக்கிற என் மக, கைப்புள்ளையோட இருக்கா, "பேசாம வித்துடும்மா"ன்னா. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. பழைய இரும்பு எடுக்கிறவர் வந்தார். நான் தலையாட்டுறதைக் கட்டில்லேர்ந்து பாத்துட்டார் இவர். நல்லா இருக்கிற அந்த ஒரு கையால கட்டில் சட்டத்தை அடிச்சு அடிச்சு அழுதார். இரும்புக்காரரே, "வேணாம்மா, அப்புறம் பாத்துக்கலாம்"னு போயிட்டார்.

அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன், இந்த இன்ஜினை நானே மாத்துறதுன்னு. வீரத்துல எடுத்த முடிவில்ல. வேற வழி இல்லாம எடுத்தது. எனக்கு அம்பத்தி ரெண்டு வயசு. அதுவரைக்கும் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டதைத் தவிர ஒரு மிஷினும் தொட்டதில்ல.

தவக்காலம் தொடங்குற விபூதிப் புதன் அன்னிக்கு பூசைக்குப் போயி நெத்தியில சாம்பல் பூசிட்டு வந்து ஆரம்பிச்சேன். இவரைக் கொட்டாய்க்குள்ள நாற்காலியில உக்கார வச்சேன். ஒவ்வொரு சாமானா எடுத்துக் காட்டுவேன். "இதுவா? இங்கயா?" ஆமான்னும் இல்லன்னும் தலையாலயே சொல்வார். மக போன்ல வீடியோ அனுப்புவா. அதைப் பாத்தா எல்லாம் அரைமணி நேர வேலையாத் தெரியும். எனக்கு ஒரு போல்ட்டுக்கு ஒரு காலை போகும். துருப்பிடிச்ச நட்டு ஒண்ணுல ஸ்பானர் நழுவி, விரல் முட்டியில தோல் உரிஞ்சுது. வேலைக்கு நடுவுல இவரைக் குளிப்பாட்டணும், ஊட்டணும், துணி மாத்தணும். முந்திரி வேற விழ ஆரம்பிச்சிருந்துச்சு, பொறுக்கணும். ஜெபமாலை எடுத்தா ரெண்டாவது பத்து மணி உருட்டுறதுக்குள்ள தூங்கிடுவேன். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நடந்து வர்றேன் தாயேன்னு நேந்துக்கிட்டேன். அப்புறம் நடக்கத் தெம்பு இருக்குமான்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு. உண்மையைத்தான் சொல்றேன்.

வெல்டிங் பண்ற முருகேசன் தம்பிதான் துணைக்கு வந்தது. எங்களைவிடக் கொஞ்சம் வயசு கம்மி, ஆனா பேரப்புள்ள எடுத்தவர். போர்வெல் மோட்டார் தூக்குற முக்காலியும் செயினும் கொண்டாந்தார். ரெண்டு பேரும் சேந்து அந்தப் பெரிய இன்ஜினைத் தூக்கி ஜீப்புக்குள்ள இறக்கினோம். அடுத்து இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒண்ணா சேரணும். கியர்பாக்ஸ்லேர்ந்து நீட்டிக்கிட்டு இருக்கிற தண்டு, இன்ஜின் பக்கம் இருக்கிற கிளட்ச் தட்டு ஓட்டைக்குள்ள போகணும். போகல. மூணு நாள் தள்ளினோம், ஆட்டினோம். ஒரு விரல் தடிமனுக்கு இடைவெளி அப்படியே நிக்குது.

மூணாம் நாள் சாயங்காலம் இவருக்கு இட்லி வச்சேன். சாப்பிடாம, இட்லியோட ஓரத்துல விரலை வச்சுக் குத்தி, இல்லன்னு தலையாட்டினார். அப்புறம் நட்ட நடுவுல குத்தினார். என்னைப் பாக்குறார். திரும்ப ஓரத்துல ஒரு குத்து, நடுவுல ஒரு குத்து. எனக்கு வந்துச்சு ஆத்திரம். "இருக்கிற வேலையில சோத்தை வச்சு விளையாடுறீங்களா? எனக்கு என்ன பத்துக் கையா இருக்கு?"ன்னு கத்திட்டு, தட்டைப் பிடுங்கிட்டுப் போயி அழுதேன்.

காலையில தட்டைக் கழுவும்போது, ஓட்டை விழுந்த அந்த இட்லி அதுலயே இருந்துச்சு. அப்பத்தான் உறைச்சுது. கிளட்ச் தட்டு நடுவுல இல்ல! அதைத்தான் மனுசன் சொல்லியிருக்கார். ஓடிப்போயி அவர் காலைப் பிடிச்சுக்கிட்டேன். கிளட்ச் தட்டைத் தளர்த்தி, நடுவாப் பாத்து வச்சு முடுக்கினோம். முருகேசன் இந்தப் பக்கம் தள்ள, நான் அந்தப் பக்கம் இழுக்க, தண்டு உள்ள போயி உக்காந்துச்சு.

அப்புறமும் வேலை ஓயல. இன்ஜின் உக்கார்ற தாங்கியை வெட்டி வேற இடத்துல வெல்டு வச்சார் முருகேசன். காத்தாடி ரேடியேட்டர்ல இடிச்சுது, ரேடியேட்டரை முன்னால நகத்தினோம். டீசல் டேங்கைக் கழுவிப் புதுக் குழாய் போட்டேன். குருத்து ஞாயித்துக்கு முந்தின வியாழக்கிழமை எல்லாம் முடிஞ்சுது. முருகேசன் வேற வேலையாப் போயிட்டார். நான் டீசல் ஊத்தி சாவியைத் திருப்பினேன்.

சுத்துது. பத்திக்கல. திரும்பத் திருப்புறேன். சுத்துது, சுத்துது, அவ்வளவுதான். பேட்டரி இறங்கிப்போச்சு. டிராக்டர் பேட்டரியை வாங்கியாந்து மாட்டினேன். அதுவும் முனக ஆரம்பிச்சுது. மத்தியான வெயில் தகரத்துல அடிக்குது. நான் ஜீப் சக்கரத்துல சாஞ்சு தரையில உக்காந்துட்டேன். கையெல்லாம் டீசல். சிலுவை போடக்கூடத் தோணல. "தாயே, என்னால முடியல. இனி நீ பாத்துக்க. ஒரு உதவி அனுப்பு, இல்லன்னா என்னை விட்டுடு." அவ்வளவுதான் நான் பண்ணின ஜெபம். மரியாதையாக்கூடக் கேக்கல.

கொஞ்ச நேரத்துல பின்னால, இவர் உக்காந்திருந்த நாற்காலியிலேர்ந்து, "ஏ... ரு"ன்னு கேட்டுச்சு.

ஏறச் சொல்றார்னு நினைச்சு ஜீப்ல ஏறி உக்காந்தேன். நாற்காலிக் கையை அடிக்கிறார். "ஏ... ரு!"

"ஏறித்தாங்க உக்காந்திருக்கேன், இன்னும் எங்க ஏறச் சொல்றீங்க?"

இல்ல இல்லன்னு தலையை ஆட்டுறார். மொகமெல்லாம் வேர்த்து, கழுத்து நரம்பு புடைச்சு, "கா... த்து. காத்து!"

புழுங்குது போலன்னு அட்டையை எடுத்து விசிறினேன். அதைத் தட்டிவிட்டுட்டு, ஜீப்பைக் காட்டி, "காத்து"ங்கிறார். எனக்கு ஒண்ணும் புரியல. அலுத்துப்போயி முருகேசனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, வண்டி பத்திக்கல. இவரு என்னமோ ஏருங்கிறார், காத்துங்கிறார், ஜீப்பைக் காட்டுறார்."

"அடடா! டீசல் லைன்ல ஏர் அடைச்சிருக்கும்க்கா. புதுசாக் குழாய் போட்டா காத்தை எடுத்துவிடணும்ல, நான் ஒரு மடையன், மறந்தே போனேன். பில்டர் மேல ஒரு சின்ன போல்ட் இருக்கும் பாருங்க, அதை..." சட்டுனு நிறுத்திட்டார். "அக்கா, இருங்க. யாரு சொன்னதா சொன்னீங்க?"

"அவருதான்."

"அண்ணனா? வாயால சொன்னாரா?"

என் கையிலேர்ந்து போன் விழுந்துச்சு. அஞ்சு மாசமா எந்தக் குரலுக்காக முட்டி தேய வேண்டினேனோ, அந்தக் குரல் வந்துருச்சு. நான் அது என்னன்னு காதுல வாங்காம விசிறிக்கிட்டு நின்னிருக்கேன்! திரும்பிப் பாத்தேன். அவரும் அப்பத்தான் தெரிஞ்ச மாதிரி, வாயைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தார். "காத்து"ன்னார் திரும்பவும். ரெண்டு பேரும் சிரிச்சோமா அழுதோமான்னு சொல்லத் தெரியல.

முருகேசன் வேலையைப் போட்டுட்டு பைக்ல வந்துட்டார். போல்ட்டைத் தளர்த்தி, பம்பைக் கையால அழுத்த அழுத்த நொரை நொரையா வந்துச்சு. நொரை நின்னு சுத்த டீசல் வந்ததும் முடுக்கினோம். சாவியைத் திருப்பினேன். ரெண்டு தடவை இருமிட்டு, கரும்புகையைக் கக்கிக்கிட்டு இன்ஜின் ஓட ஆரம்பிச்சுது. கொட்டாய்த் தகரமெல்லாம் அதிருது. "எந்தச் சாமிக்குக்கா நேந்துக்கிட்டீங்க?"ன்னு முருகேசன் கத்திக் கேட்டார். மாதா பேரைச் சொன்னேன். அந்த மனுசன் ஜீப்பைப் பாத்துக் கும்பிட்டார்.

ஈஸ்டர் பூசைக்கு முருகேசன்தான் எங்களை ஓட்டிட்டு வந்தது, நீங்களும் பாத்தீங்க. அப்புறம் அரியலூர் ஆபீஸ்ல வண்டியைக் காட்டி, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்துல ஏத்தியாச்சு. நானும் ஓட்டக் கத்துக்கிட்டு லைசென்ஸ் எடுத்துட்டேன். இப்ப வாரம் ரெண்டு நாள் நானே பயிற்சிக்கு ஓட்டிட்டுப் போறேன். அங்க இருக்கிற டீச்சரம்மா, "மூளை மெல்ல மெல்ல வேற வழி கண்டுபிடிக்கும்மா, சில பேருக்கு இப்படித் திடீர்னு வரும்"னாங்க. நான் மறுக்கல. அந்த வழியைத் தொறந்துவிட்டது யாருன்னு எனக்குத் தெரியும். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

எல்லாம் சரியாப்போச்சுன்னு சொன்னா அது பொய். வலது கை இன்னும் தூக்க வரல. நான் இன்னும் அலுத்துப்போயித்தான் படுக்கிறேன். ஆனா முன்ன மாதிரி, சரியா ஜெபம் பண்ணலையே, சாமி கோவிச்சுக்குமோன்னு பயப்படுறதில்ல. தூக்கம் வந்தா, "தூங்கப் போறேன் தாயே, மிச்சத்தை நீ சொல்லிக்க"ன்னு சொல்லிட்டுப் படுத்துடுறேன். அந்த அளவுக்கு உரிமை வந்துருச்சு.

இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல என்னை மாதிரி சோந்துபோனவங்க இருப்பீங்க. ஆஸ்பத்திரிக்கு நடந்து கால் ஓஞ்சவங்க இருப்பீங்க. நல்ல வார்த்தை கோத்துக் கேக்க முடியலையேன்னு கேக்காம இருந்துடாதீங்க. முடியலன்னு மட்டும் சொல்லுங்க. அதுவும் போய்ச் சேருது.

இப்ப எங்க வூட்டுக்காரர் இருபது முப்பது வார்த்தை சொல்றார். தண்ணி, சோறு, மக பேரு, "போதும்", "மெதுவாப் போ". எம்பேரு மட்டும் இன்னும் வரல. பிலோமினான்னு அவ்வளவு நீளமா வச்சுட்டாங்க, அவர் என்ன பண்ணுவார்? "பி"ன்னு ஆரம்பிக்கிறார், அங்கயே நின்னுடுறார். நான் பக்கத்துல உக்காந்து காத்திருக்கேன். அவசரமில்ல. எனக்காக வேண்டிக்கணும்னு நினைச்சா, அந்த மிச்ச எழுத்துக்காக வேண்டிக்குங்க.