வலமாகவே போகும் ஊர்

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தன் பழைய கம்ப்யூட்டரை எங்கள் தென்காசி வீட்டில் விட்டுப் போனான். அதில் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. மருமகள்தான் சொல்லிக்கொடுத்தாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. படத்தைப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். யாராவது வந்தால் வெட்கத்தில் பழைய சேலையைப் போட்டுத் திரையை மூடிவிடுவேன்.

ஊர் என்றால் நடுவில் கோவில் வேண்டாமா? விளையாட்டில் கோவில் இல்லை. உயரமான ஒரு கட்டடத்தைக் கோவில் என்று வைத்துக்கொண்டு, சுற்றி நாலு ரத வீதி போட்டு, எல்லாவற்றையும் ஒருவழிப் பாதையாக்கினேன். வலமாக மட்டும்தான் போகலாம். குப்பை வண்டிகூட மரியாதையாகச் சுற்றி வந்தது.

என் வீட்டுக்காரர் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். சீசனில் குற்றாலம் போகும் கார்களை மறித்துத் திருப்பிவிட்டே பாதிக் காலத்தைக் கழித்தவர்.

“ஏட்டி, ஃபயர் ஸ்டேஷனுக்கு எதுத்த வீட்டுல தீப்பிடிச்சாலும் வண்டி சுத்திக்கிட்டுதான் வரணுமா?”

“அதுக்காகக் கோவில எடமாவா சுத்துவாங்க?”

போன சாரல் சீசனுக்கு வந்தபோது மகன் அதே விளையாட்டின் இரண்டாம் பாகத்தை வாங்கிப் போட்டான். மலையும் மழையும் அவ்வளவு அழகு. தெருவில் போகிற ஆளைத் தொட்டால் பேர், வேலை, வீடு எல்லாம் வருகிறது. அதிலும் ரத வீதி போட்டேன். பாவி மக்கள்! நடுத்தெருவில் வண்டியைத் திருப்பிக்கொண்டு இடமாகப் போகிறார்கள். பழையதில் நெரிசலில் மாட்டிய வண்டி கொஞ்ச நேரத்தில் மாயமாகிவிடும். இதில் அங்கேயே நிற்கிறது.

வீட்டுக்காரருக்கோ ஒரே குஷி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “இதாம்ட்டி ஊரு! நீ கட்டுனது பொம்மக் கொலு. அந்த வெள்ளக் காரத் தொடு, எவம்னு பாப்போம்.”

ஒரு வாரத்தில் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. பெங்களூரில் இருந்தே கம்ப்யூட்டருக்குள் பார்த்துவிட்டு, மகன் போன் ஸ்பீக்கரில் சொன்னான்: “மெமரி நெறைஞ்சு போச்சும்மா. பழைய கேம அழிச்சிருதேன், என்ன?”

அழிக்க எனக்கு மனசில்லை. எதற்கும் சரி என்றே பழகிய வாய்.

“அழிலே, அழி,” என்றார் வீட்டுக்காரர்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, “ஒங்க அப்பா ரிட்டயர்டான வீடியோவெல்லாம் அதுலதான கெடக்கு? அத அழிச்சா ரெண்டு ஊரும் நிக்காதா?” என்று கேட்டுவிட்டேன்.

மகன் சிரிப்பை அடக்குவது கேட்டது. “நிக்கும்மா. நாலு கேமராவுல எடுத்ததுல்லா.”

“ஏட்டி, பெரிய அதிகாரியெல்லாம் என்னப் பத்திப் பேசியிருக்காங்க அதுல!”

“என்ன பேசினாங்க?”

அவருக்கு ஞாபகம் வரவில்லை. பிறகு போனை என் கையிலிருந்து வாங்கினார்.

“எனக்கு மால போடுதத மட்டும் வச்சுக்கலே. மிச்சத்த அழிச்சிரு.”