மதார் கேட்ட கேள்வி

பத்தமடைப் பாய் வியாபாரி மதாரைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. ஒன்று ஊரறிந்தது. மற்றதைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

நான் ஞானையா. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் கற்ற இங்கிலீஷை வைத்து செஷன்ஸ் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாகக் காலம் தள்ளியவன். ஜட்ஜ் துரை இங்கிலீஷில் கேட்பதை நான் தமிழில் சொல்வேன். ஜனங்கள் தமிழில் சொல்வது என் வாய்வழியாகத்தான் துரையின் காதுக்குப் போகும்.

அந்தக் காலத்தில் பெரிய வழக்குகளில் துரைக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் இரண்டு பேரை உட்கார்த்தி வைப்பார்கள். அசெசர் என்று பெயர். சாட்சிகளைக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்ல வேண்டும். அதை ஏற்பதும் தள்ளுவதும் துரையின் இஷ்டம். வராவிட்டால் அபராதம் என்பதால் வருவார்கள். துரையின் முகம் போகிற போக்கைப் பார்த்து அதையே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மிராசுதார், வாத்தியார், வியாபாரி எல்லாரும் இதே லட்சணம்தான்.

1904-இல் மதார் அப்படி வந்து உட்கார்ந்தார். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஒருவரை அரிவாளால் வெட்டியதாகப் பிச்சைக்கண்ணு என்பவர் மேல் வழக்கு. சித்திரை வெயில், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். பிச்சைக்கண்ணுவுக்காகப் பேச வந்த ஒரே சாட்சி கூண்டில் நின்றபோது மதார் நன்றாகத் தூங்கினார். பிறகு துரை அபிப்பிராயம் கேட்க, நான் தமிழில் சொன்னதும் திடுக்கிட்டு எழுந்தார்.

“துரை சொல்லுதபடிதான்” என்றார்.

துரை அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் “குற்றவாளி என்கிறார்” என்று இங்கிலீஷில் சொல்லி வைத்தேன். பிச்சைக்கண்ணுவுக்குப் பத்து வருஷம்.

மூன்று மாதம் கழித்து மதார் என்னைத் தேடிக் கோர்ட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். பிச்சைக்கண்ணுவின் மனைவி கோரைக்கட்டு விற்கிற சாக்கில் அவர் கடைக்குப் போயிருக்கிறாள்.

“‘யாரு சொன்னதைக் கேட்டு எம் புருசனைக் குத்தவாளின்னீய’ன்னு கேட்டுட்டா அண்ணாச்சி. எனக்கு ஒரு சாட்சி பேருகூட ஞாபகம் இல்ல. அசெசர்னா என்னதான் செய்யலாம்? அதைச் சொல்லும்.”

ஆளை அனுப்பி வைத்தால் போதும் என்ற நினைப்பில் சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவைத் தமிழில் படித்துக் காட்டினேன். துரையின் அனுமதியோடு அசெசரும் சாட்சியைக் கேள்வி கேட்கலாம் என்று அதில் இருந்தது. என் சர்வீசில் ஒருவரும் கேட்டதில்லை. மதார் அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

1908 மார்ச்சில் திருநெல்வேலியில் கலகம் நடந்ததே, அதையொட்டி ஆற்றங்கரையில் ஒரு சர்க்கார் சாவடி எரிந்ததாக வழக்கு. இசக்கியப்பன் என்ற வண்டிக்காரர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். மண்ணெண்ணெய் டின்னைப் பாயில் சுருட்டிக் கொண்டு போனதைப் பார்த்ததாக ஒரு சாட்சி. டின் ஒழுகிப் பாய் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது என்று அழுத்தியும் சொன்னான். மேஜை மேல் அந்தப் பாய் இருந்தது. அசெசர்களில் ஒருவர் ஒரு மிராசுதார், மற்றவர் மதார். இந்த முறை மதார் கண்ணைக்கூட மூடவில்லை.

சாட்சி இறங்கப் போனபோது எழுந்து நின்றார்.

“நான் ஒரு கேள்வி கேக்கணும்.”

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். துரை என்னைப் பார்த்தார், பிறகு சட்டப் புத்தகத்தைப் பார்த்தார், வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

“ஏன்வே, மண்ணெண்ணெயில நனைஞ்ச பாய் இதுதானே?”

“இதேதான்.”

“அப்ப மோந்து பாத்துச் சொல்லும். எங் கடையில ஒரு பாய்க் கட்டு மேல விளக்கு கவுந்து, ஆத்துல ஊறப்போட்டும் வருஷக்கணக்கா வாடை போகல. இது மூணு மாசத்துப் பாய்தானே. வாடை எங்க?”

சாட்சி பாயை முகர்ந்தான். வாய் திறக்கவில்லை. துரையிடமும் பாயை நீட்டச் சொன்னார் மதார். துரை கையை வீசி மறுத்துவிட்டார். மிராசுதார் “குற்றவாளி” என்றார். மதார் “குத்தமில்ல” என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னார். துரை ஏழு வருஷம் போட்டார்.

ஆனால் கேள்வியும், சாட்சி பதில் சொல்லாததும், மதாரின் அபிப்பிராயமும் ரிக்கார்டில் ஏறிவிட்டன. அப்பீலில் மெட்ராஸ் ஹைக்கோர்ட்டார் அந்தப் பக்கத்தைப் படித்து இசக்கியப்பனை விடுதலை செய்தார்கள். மறு வருஷம் அசெசர் ஜாபிதாவில் மதாரின் பெயர் இல்லை. ஊரறிந்த கதை இத்தோடு முடிகிறது.

இசக்கியப்பன் விடுதலையாகிச் சில நாள் கழித்து, என் மகள் கல்யாணத்துக்குப் பாய் எடுக்க பத்தமடை போயிருந்தேன். மதாரின் கடையில் இருக்கும்போதே இசக்கியப்பன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, ஜெயில்ல பிச்சைக்கண்ணுன்னு ஒருத்தரு இருக்காரு. உங்களைத் தெரியுமாம். ‘ஏலே, உன் வழக்குல அவரு முழிச்சா இருந்தாரு’ன்னு கேட்டாரு. ஆமான்னேன். ‘நல்லாயிரு’ன்னுட்டு அங்கிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.”

மதார் கல்யாணப் பாயை மடியில் போட்டபடி அழுதார். கடைக்கு வந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்கவில்லை.

“நான் தூங்கிட்டேன்லா அண்ணாச்சி” என்றார் என்னைப் பார்த்து. “அந்த மனுசனுக்கு என்ன சமாதானம் சொல்லுவேன்?”

அவருடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பாயை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்தேன். அவராவது தூங்கினார். அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் அவர் சொல்லாத ‘குற்றவாளி’யை இங்கிலீஷில் சொன்ன நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்.