வெயிலுக்கு மூடும் வெடிப்பு

விடிந்தும் விடியாத குளிரில், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, இலங்கை மலைநாட்டின் டயகம ரோட்டில் வெறுங்காலோடு நடக்கிறார் மூக்கன். செருப்புப் போட்டால் தாரின் சேதி காலுக்கு எட்டாதாம். பத்தடிக்கு ஒருமுறை நின்று உள்ளங்காலால் தரையைத் தேய்த்துப் பார்க்கிறார். ரோட்டு இலாகாவில் தார் ஊற்றுவது அவர் வேலை. ஏழரைக்குப் போனால் போதும். ஐந்தரைக்கு மேல் அவரால் தோட்டத்து லய வீட்டில் படுத்திருக்க முடியாது. தை, மாசியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிற நாட்களில் ரொட்டி தின்பதுகூட நடந்தபடிதான்.

"குளுருக்கு ஒதடு வெடிக்கிதில்ல, அது மாதிரிதாங்க. தாரு எறுகிச் சுருங்குது. தாங்காம பொளந்துக்குது" என்பார் கேட்பவர்களிடம். கேட்காதவர்களிடமும்தான்.

1957 மாசியில் ஆற்றோர வளைவில் அப்படி ஒரு வெடிப்பு விழுந்தது. சித்திரை மழை அதற்குள் இறங்கி அடிமண்ணைக் கரைத்தது. தேயிலைப் பெட்டி ஏற்றிவந்த லொறியின் பாரத்தில் ஓரம் சரிந்து, லொறி ஆற்றுப்பக்கம் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தாரைக் கருக்கிவிட்டான், அதனால்தான் ரோடு வெடித்தது என்று சொல்லி, கூடவே வேலை செய்த கந்தப்பனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காய்ச்சியது கந்தப்பன், பதம் பார்த்து ஊற்றியது மூக்கன். தார் கருகவில்லை என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு வாய் திறக்கவில்லை என்பதும் தெரியும்.

அடுத்த மாசியில் அதே வளைவு மறுபடி பிளந்தது. ரோட்டு வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் றோலண்ட் பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்து குனிந்து பார்த்தார். நூல் மாதிரி ஒரு கோடு.

"இதுக்கா கூப்பிட்டே?"

"வெயிலு ஏறினா மூடிக்கும்ங்க. ஐயா விடியக்காலம் வந்து பாக்கணும்."

மூன்று முறை கூப்பிட்டும் வராதவர், நான்காம் முறை விடியற்காலையில் வந்தார், கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி. மூக்கன் ஒரு நெருப்புக்குச்சியை வெடிப்பில் விட்டார். மருந்துத் தலை வரை இறங்கியது. பிறகு, வெயில் ஏறும்வரை ஓவசியரைப் போக விடவில்லை. பதினொரு மணிக்கு அதே இடத்தில் குச்சி நுழைய மறுத்தது. றோலண்ட் அதை வாங்கித் தாமே குத்திப் பார்த்தார். குச்சி முறிந்தது.

"தாரு கருகியிருந்தா ஊத்துன எடமெல்லாம் உதிர்ந்திருக்கும். இது ரோட்டுக்குக் குறுக்கால ஒரே கோடாப் பொளந்திருக்கு. குளுருதாங்க காரணம். காய்ச்சினவன் மேல தப்பில்லங்க. போன வருசமே நான் சொல்லியிருக்கணும்."

றோலண்ட் முறிந்த குச்சியை ஆற்றுப்பக்கம் எறிந்தார்.

"மழைக்கு முந்தி இதை அடைச்சிரணும். யாரு தார் காய்ச்சுறது?"

"கந்தப்பன் வரணுங்க."

"சரி. வரச் சொல்லு."

ஜீப்பில் ஏறு, இறக்கிவிடுகிறேன் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், கம்பளியைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, கந்தப்பனின் லயத்தைப் பார்த்துத் தேயிலைச் செடிகளுக்குள் குறுக்கே இறங்கி ஓடிக்கொண்டிருந்தார் மூக்கன்.