கோட்டின் கடைசி இரண்டு அங்குலம்

பத்தாவதோடு நின்றவன் நான். அக்காவின் கணக்கைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடியில், அப்பாவின் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். நான் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினேன். அக்கா எம்.இ. கடைசி வருடம். வண்டி போன தூரத்தை ஒருமுறை வகையிட்டால் வேகம் வரும். அதை அரைமுறை மட்டும் வகையிடும் டிஜிட்டல் ஃபில்டரை, அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு கணக்கு முறையை, அவள் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஆரம்பம் முதல் வந்த எல்லா அளவுகளும் நினைவில் இருக்க வேண்டுமாம். கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லை. சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, எதை எவ்வளவால் பெருக்குவது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

கல்லூரியிலிருந்து எண்களை எழுதி வருவாள். கிராஃப் தாளில் நான் புள்ளி வைப்பேன். வர வேண்டிய விடை சிவப்புக் கோடு, அவள் ஃபில்டர் தருவது என் பென்சில் கோடு. இரண்டும் ஒன்றாகவே போய், கடைசி இரண்டு அங்குலத்தில் பென்சில் கோடு மட்டும் கீழே சரியும். மாதக்கணக்காக அதனோடுதான் மல்லுக்கட்டினாள்.

நெமிலிச்சேரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். என்ன படிப்பு என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அரைமுறை வகையிடுவதைப் பற்றி அக்கா சொன்னாள். அந்த அம்மா உடனே கேட்டார்:

“அரைக் கணக்கா? மீதி அரைய எங்க ஊட்டாண்ட வந்து போட்டுக்கோம்மா.”

எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும்தான்.

அவர்களுக்கு அடுத்த மாதமே முகூர்த்தம் வேண்டும். ப்ராஜெக்டை முடிக்க ஆறு மாதம் வேண்டும் என்றாள் அக்கா. அப்பா என் பக்கம் திரும்பினார்.

“நீதானடா கூட உக்காந்து வரையிற. முடிஞ்சுதா இல்லியா?”

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அந்தக் கிராஃப் தாள்தான் நினைவில் வந்தது. அவ்வளவு சிறிய வித்தியாசத்துக்குப் பட்டறையில் யாரும் வேலையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

“முடிஞ்ச மாதிரிதாம்பா” என்றேன்.

அங்கேயே தேதி குறித்தார்கள்.

அவர்கள் போன பிறகு அக்கா தாளை விரித்து, கோடு சரியும் இடத்தில் விரலை வைத்தாள்.

“மீதியெல்லாம் ஏற்கெனவே யாரோ செஞ்சதுடா. என்னோடது இது மட்டுந்தான்.”

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்ல எழுந்து போனேன். அவர் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னடா என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன். அக்கா கடைசிவரை அந்தப் படிப்பை முடிக்கவில்லை.

தேதி குறித்த மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். போனேன்.